நூற்றுக்கு நூறும் ஒரு கிணறும்

“தர்மலிங்கம் கண்ணால பாக்காத தண்ணி இந்த நகரத்தில ஒருத்தற்ற தொண்டைக்குள்ளாலயும் இறங்காது. இறங்க நான் விடவும் மாட்டன்!”

எண்பத்திரண்டாம் ஆண்டு, உலக சுகாதார தினத்தன்று, நகரசபை மண்டபத்தில், ஒலிவாங்கி இரண்டு தடவை ஊளையிட்டு அடங்கிய பிறகு, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தர்மலிங்கம் இவ்வாறு முழங்கினார். சபையோர் கைதட்டினார்கள். தமிழ் தெரிந்தவர்கள் கருத்துக்காகவும், தெரியாதவர்கள் குரலுக்காகவும் தட்டினார்கள். பின்வரிசையில் நின்ற துப்புரவுத் தொழிலாளர்கள், தட்டாமல் நின்றால் யாராவது கவனித்துவிடுவார்கள் என்பதற்காகத் தட்டினார்கள்.

நகரத்தின் பெயர் வேண்டாம். மாத்தளை மாவட்டத்தில் இருக்கிறது. அதற்கு ஒரு சபை இருக்கிறது, சபைக்கு ஒரு வழக்கறிஞரும் இருக்கிறார். இவ்வளவு போதும்.

தர்மலிங்கம் புலோலியில் பிறந்தவர். பரீட்சை பாஸ் பண்ணி, காக்கித் தொப்பியும் வெள்ளைச் சேட்டுமாக இங்கே வந்து இறங்கினார். கொஞ்சக் காலத்தில் மாற்றம் எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பலாம் என்று சொல்லித்தான் மனைவி மங்கையற்கரசியைக் கூட்டிவந்தார். திரும்பவில்லை. காரணம் தண்ணீர். கல்யாண வீட்டுக்குப் போனாலும் மணவறைப் பக்கம் போகமாட்டார், நேரே கிணற்றடிக்குத்தான் போவார். யாராவது ஒரு கிளாஸ் தண்ணீர் நீட்டினால் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். மணந்து பார்ப்பார். எங்கே அள்ளியது, எப்போது கொதித்தது என்று விசாரிப்பார். விசாரணை முடிவதற்குள் தாகம் போய்விடும். நன்றி சொல்லிவிட்டுக் கிளாசைத் திருப்பிக் கொடுப்பார். இதனால் அவரை விருந்துக்கு அழைப்பவர்கள் குறைந்தார்கள். அழைத்தவர்கள் சோடா உடைத்துக் கொடுத்தார்கள்.

நகரத்தின் சுகாதாரம் ஆண்டுதோறும் தை மாதத்தில் திட்டமிடப்பட்டது. அன்று சுவரில் பெரிய வரைபடம் ஒன்று தொங்கும். அதைச் சுற்றி நின்று எல்லோரும் மீன் அடைத்த மாலுபாண் சாப்பிடுவார்கள். வரைபடத்தில் நகர எல்லை சிவப்புக் கோடு. எல்லைக்குள்ளே ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு நீலப் புள்ளி. அந்தப் புள்ளிகளை வைத்தவர் தர்மலிங்கம். புள்ளி உள்ள கிணறு ஒவ்வொன்றுக்கும் மாதாமாதம் குளோரின் தூள் போய்ச் சேரவேண்டும். போய்ச் சேர்ந்தது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. “நூற்றுக்கு நூறு” என்று வைத்திய அதிகாரி மேலிடத்துக்கு அறிவிப்பார். எல்லோரும் டொக்டர் மாத்தயா என்று அழைக்கும் அந்த அதிகாரி நல்ல மனிதர். எண்கள் முழுமையாக இருந்தால் அவருக்கு அன்றைக்கு நன்றாகத் தூக்கம் வரும்.

நூற்றொன்றாவது கிணறு ஒன்று இருந்தது. அதற்குப் புள்ளி இல்லை.

எழுபதுகளில் அரசாங்கம் தோட்டங்களை எடுத்தபோது, நகரம் கொஞ்சம் அகலமாகலாம் என்று யாரோ தீர்மானித்தார்கள். நில அளவையாளர் வந்தார். மழை வரப்பார்த்தது. அவர் குடைக்குள் நின்றபடியே கோட்டை நேராக இழுத்துவிட்டுப் பஸ் ஏறினார். அந்தக் கோட்டினால் மலையடிவாரத்தில் இருந்த ஒரு லயம், அதாவது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் உள்ள பழைய தோட்டக் குடியிருப்பு, நகரத்துக்குள் வந்தது. அந்த லயம் தண்ணீர் அள்ளும் கிணறு தோட்டத்தில் நின்றுவிட்டது. இரண்டுக்கும் நடுவே ஓர் எல்லைக்கல். லயத்தில் நின்று தும்மினால் கிணற்றடியில் கேட்கும். ஆனாலும் சட்டப்படி அது வேறு தேசம்.

லயம் நகரத்துக்குப் போனதால் அதில் இருந்தவர்களின் பெயர்களைத் தோட்டம் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் இருந்து வெட்டியது. ஆண்கள் சந்தையில் மூட்டை இறக்கினார்கள். பெண்கள் பலர் நகரசபையில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி பாப்பம்மா. பஸ் நிலையத்தைக் கூட்டுவதும், அதன் கழிவுநீர்க் கானில் அடைத்திருப்பதை வாரி எடுப்பதும் அவள் பொறுப்பு. ஆகவே நகரத்தின் சுகாதாரத்தைக் காப்பாற்றும் சேனையில் அவளும் ஒரு சிப்பாய். சிப்பாய் வீட்டில் குடித்தது அந்தக் கிணற்றுத் தண்ணீர். கிணற்றுக்கு மேலே தோட்டத்தின் மாட்டுத் தொழுவம். மழை பெய்தால் தொழுவம் முழுவதும் கிணற்றுக்குள் வந்து சேரும். அதன் பிறகு லயம் முழுக்க வயிற்றோட்டம்.

நோய் நகரத்துக்குள் நடப்பதால் அதற்கான அறிவித்தல் அட்டை தர்மலிங்கத்திடம் வரும். அட்டை வந்தால் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்கவேண்டும், விசாரிக்கவேண்டும், ஆலோசனை சொல்லவேண்டும். கிணற்றைத் தொடக்கூடாது.

“தண்ணியைக் கொதிக்க வைச்சுத்தான் குடிக்க வேணும், பாப்பம்மா.”

“சரிங்க ஐயா. வெறகு எந்தப் பக்கம் போயி எடுக்கச் சொல்றீங்க? தோட்டத்துல எடுத்தா வாச்சர் புடிக்கிறான். டவுனுல எடுத்தா நீங்க புடிக்கிறீங்க.”

“நான் எங்க பிடிச்சனான்?”

“போன மாசம் சபை மரத்துக் கெளைய இழுத்துக்கிட்டு வந்தப்ப எம் பேர எழுதிக்கிட்டுப் போனது யாருங்க? ஐயாவோட தம்பியா?”

தர்மலிங்கம் அடுத்த அறைக்கு ஆலோசனை சொல்லப் போனார்.

அவர் முயலவில்லை என்று சொல்லமுடியாது. தைமாதக் கூட்டத்தில், மற்றவர்கள் மாலுபாணில் மீனைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் எழுந்து விஷயத்தைச் சொன்னார். அது நம்முடைய கிணறு அல்லவே என்றார் டொக்டர் மாத்தயா. நோயாளிகள் நம்முடையவர்கள் என்றார் தர்மலிங்கம். அதனால்தான் அவர்களை நாம் எண்ணுகிறோம் என்றார் டொக்டர். தர்மலிங்கம் தோட்டத்துக் கந்தோருக்கு, அதாவது அலுவலகத்துக்குப் போனார். கிணறு எங்களுடையதுதான், குடிப்பவர்கள் உங்களுடையவர்கள், வேண்டுமானால் குடிக்கவேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள் என்றது கந்தோர். குழாயையாவது நீட்டித் தாருங்கள் என்று வட்டார உறுப்பினரிடம் போனார். குழாய்த் தண்ணீர் மேட்டுக்கு ஏறாது என்றார் உறுப்பினர். அவருடைய வீடு அதைவிட உயரமான மேட்டில் இருந்தது. அங்கே ஏறிற்று. லயத்தில் இருந்தவர்களுக்கு அப்போது பிரஜாவுரிமை இல்லை. ஓட்டில்லாத மேட்டில் ஏறுவதற்குத் தண்ணீருக்கும் மனம் வருவதில்லை.

பிறகு எண்பத்துமூன்று ஜூலை வந்தது. கடைத்தெருவில் தமிழ்க் கடைகள் எரிந்தன. லயத்துச் சனம் தேயிலைக்குள் படுத்துக் கிடந்தது. மங்கையற்கரசி அகதி முகாமில் இருந்து கப்பலில் வடக்கே போனாள். தர்மலிங்கத்தையும் ஏறச் சொன்னார்கள். அவர் ஏறவில்லை. திட்டத்தில் ஆகஸ்ட் மாதம் இருந்தது, கலவரம் இருக்கவில்லை. முகாமில் இருந்து இறங்கி, தூள் வாளியோடு வேலைக்குப் போனார். ‘நான் வந்தால் இந்தச் சனம் எந்தத் தண்ணியைக் குடிக்கும்?’ என்று மனைவிக்கு எழுதினார். ‘இப்ப மட்டும் எதைக் குடிக்குதுகள்?’ என்று பதில் வந்தது. அவர் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, வாளியோடு அடுத்த கிணற்றுக்குப் போனார்.

அடுத்த ஆண்டு, ஐப்பசி மழைக்கு முன்னால், பாப்பம்மா அவரைப் பஸ் நிலையத்தில் மறித்தாள். கையில் விளக்குமாறு.

“ஐயா, எம் மக சந்திரகாந்தா முழுகாம இருக்கா. இது ரெண்டாவது. மொதலாவது போன மழைக்கு வயித்தால போயி போயி, அப்பிடியே தங்காமப் போயிருச்சு. ஐயாவுக்குத் தெரியும், ஐயாதானே வந்து எழுதிக்கிட்டுப் போனீங்க.”

“ஓம்.”

“இந்த மழை வர்றதுக்கு முந்தி அந்த வெள்ளத் தூளக் கொஞ்சம் எங்க கெணத்துலயும் போட்டுவுடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். டவுனு முழுக்கப் போடுறீங்கல்ல? நானே சொமந்துக்கிட்டு வந்து குடுக்குறேன்.”

தர்மலிங்கம் தொப்பியைச் சரிசெய்தார். பதினைந்து ஆண்டுச் சேவையில் முதல் தடவையாகத் திட்டத்தில் இல்லாத ஒரு காரியத்தைச் செய்வதென்று முடிவெடுத்தார். திட்ட மீறல் திட்டமிட்டுத்தான் நடக்கவேண்டும் என்பதால் அதற்கு ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை நாளைத் தெரிந்தெடுத்தார். சபைத் தூளைத் தொடவில்லை. கடையில் சொந்தக் காசுக்கு வாங்கினார்.

ஜீப் சாரதி ஜுனைதீன் எல்லைக்கல்லடியில் பிரேக்கை அமத்தினார்.

“சேர், ஜீப்பு இதுக்கு அங்கால போகாது.”

“ஏன், என்ன பழுது?”

“பழுது ஜீப்புக்கு இல்ல சேர். நகர எல்லைக்குள்ள மட்டும்தான் ஓடலாமாம். நாலு சில்லும் கல்லுக்கு இங்கால நிக்கணும்.”

“முன்சில்லு ரெண்டும் அங்கால போனால்?”

“அப்ப எனக்கு அரைச் சம்பளம்.” ஜுனைதீன் குரலைத் தாழ்த்தினார். “சேர், நான் செல்றேன்னு கோவிக்காதீங்க. வெள்ளைத் தூளு, அடுத்தவன்ட கெணறு, சேரும் தமிழாள். காலம் சரியில்ல. பொழுதுபட்டு ஆள் அடங்கின பொறகு போடுவமே?”

“அரசாங்க வேலையைக் கள்ளன் மாதிரிச் செய்யிறதோ? பகலிலதான் செய்வன். எல்லாரும் பாக்கத்தான் செய்வன்.”

எல்லோரும் பார்த்தார்கள்.

அந்த வாரம்தான், தலைநகரத்து நீர்த்தாங்கியில் யாரோ தமிழர்கள் நஞ்சு கலந்துவிட்டார்கள் என்றொரு கதை பஸ் ஏறி நகரத்துக்கு வந்து இறங்கியிருந்தது. கதை பொய் என்று வானொலி சொன்னது. வானொலியே மறுத்ததால் கதை உறுதியாயிற்று. இந்த நேரத்தில், உச்சி வெயிலில், காக்கித் தொப்பி போட்ட தமிழர் ஒருவர் தோட்டத்துக் கிணற்றின் ஆழத்தைக் கயிறு விட்டு அளந்தார். வாளியில் வெள்ளைத் தூளைக் கரைத்தார். தெளிய விட்டார். தெளிந்ததைக் கிணற்றுக்குள் ஊற்றினார். ஊற்றிவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார். வாச்சர் விசில் ஊதினான்.

கீழ்ப் பக்கத்துச் சிங்களக் குடியேற்றத்தில் இருந்து ஆட்கள் ஏறி வந்தார்கள். பொல்லுகளும் வந்தன. அதிர்ஷ்டவசமாக ஒரு பொலிஸ் சார்ஜனும் வந்தார். தர்மலிங்கத்துக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். ஆனால் அது கந்தோர்ச் சிங்களம். பொல்லோடு நிற்பவனிடமும் “தங்களது மேலான கவனத்துக்குச் சமர்ப்பிக்க விரும்புகிறேன்” என்றுதான் அவருக்குத் தொடங்கத் தெரியும். அப்படியே தொடங்கினார். சார்ஜன் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நஞ்சில்லை என்றால் குடித்துக் காட்டு.”

ஒரு மடக்கு. அதோடு எல்லாம் முடிந்திருக்கும். கூட்டம் கலைந்திருக்கும், போயா நாளும் புண்ணியமாகக் கழிந்திருக்கும். தர்மலிங்கம் மறுபடியும் மணிக்கூட்டைப் பார்த்தார்.

“இப்போது குடிக்க முடியாது. தூள் போட்டு அரை மணித்தியாலமாவது செல்லவேண்டும். அதற்கு முன் குடிப்பது ஒழுங்குவிதிகளுக்கு மாறானது.”

பொல்லுகள் ஓரடி முன்னே வந்தன.

லயத்தில் இருந்து ஓடிவந்த பாப்பம்மாவுக்கு ஒழுங்குவிதி தெரியாது. இந்த மனிதனை அடித்துக் கொல்லப்போகிறார்கள் என்பது தெரிந்தது. அவள் கிணற்றுக்குள் வாளியை விட்டாள். தண்ணீரை அள்ளினாள். “பாருங்க, நான் குடிக்கிறேன்!” என்று சொல்லி வாளியை வாய்க்குத் தூக்கினாள்.

தர்மலிங்கம் பாய்ந்து வாளியைத் தட்டிவிட்டார்.

“குடியாதேங்கோ! அறிவில்லையோ? குடியாதேங்கோ!”

இதை யாரும் சிங்களத்தில் மொழிபெயர்த்துச் சொல்லவேண்டி இருக்கவில்லை.

முதல் அடி முதுகில் விழுந்தது. இரண்டாவது தொப்பியில் விழுந்தது. மூன்றாவது எங்கே விழுந்ததென்று அவர் பிறகு யாருக்கும் சொல்லவில்லை. சார்ஜன் அவரை இழுத்து வாகனத்தில் போட்டார். அது கைதா, காப்பாற்றலா என்பது பொலிசின் குறிப்பில் தெளிவில்லை. பின்னேரம் டொக்டர் மாத்தயா வீட்டில் உடுத்த சாரத்தோடு பொலிஸ் நிலையத்துக்கு ஓடிவந்து, அது குளோரின், அந்த மனிதர் முட்டாள், ஆனால் நம்முடைய முட்டாள் என்று விளக்கினார். நகர எல்லைக்கு வெளியே எந்தக் கிணற்றையும் இனி நெருங்குவதில்லை என்று தர்மலிங்கம் கையெழுத்து வைத்தார். மீறினால் மாவட்டத்தின் வறண்ட கோடியில் உள்ள கலேவெலவுக்கு மாற்றம் என்றார்கள்.

கிணற்றுத் தண்ணீர் ஒரு போத்தலில் அடைக்கப்பட்டு, அரக்கு முத்திரை குத்தப்பட்டு, பரிசோதனைக்குக் கொழும்புக்குப் போயிற்று. முடிவு வரும்வரை கிணற்றைச் சுற்றி முள்ளுக்கம்பி. லயத்துக்குத் தண்ணீருக்கு வேறு வழி? தொழுவத்துக்குக் கீழே ஒரு பீலி ஒழுகிக்கொண்டிருந்தது. மலையில் இருந்து மூங்கில் குழாயில் வடியும் தண்ணீர். மாடுகளும் அதைத்தான் பாவித்தன.

தர்மலிங்கம் கம்பியைக் கழற்ற அலைந்தார். கொழும்பு முடிவு வரட்டும் என்றது பொலிஸ். பொலிஸ் சொல்லட்டும் என்றது தோட்டம். எழுத்தில் தாருங்கள் என்றது மாவட்டச் செயலகமான கச்சேரி. எழுத்தில் கொடுத்தார். தமிழில் இருக்கிறதே என்றார்கள். சிங்களத்தில் கொடுத்தார். சம்பந்தப்பட்ட உத்தியோகத்தர் லீவு என்றார்கள். எங்கும் அவரை யாரும் ஏசவில்லை. எல்லா இடத்திலும் கதிரை காட்டி இருக்கச் சொன்னார்கள். நகரத்துக் கிணறுகளில் அள்ளிய தண்ணீரோடு பவுசர் வண்டி ஒன்றை லயத்துக்கு அனுப்பலாமா என்று டொக்டர் மாத்தயாவிடம் கேட்டார். பவுசர் திருத்த வேலைக்குப் போய்ப் பல நாளாகிறது என்பது தர்மலிங்கத்துக்கே தெரியும். இருந்தும் கேட்டார். டொக்டர் மாத்தயா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மழை தொடங்கியிருந்தது.

மழையோடு வயிற்றோட்டமும் தொடங்கிற்று. சந்திரகாந்தாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜுனைதீன் யாரிடமும் கேளாமல் ஜீப்பைக் கொண்டுவந்தார். லயம் எல்லைக்குள்ளேதான் என்பதால் அதற்குத் தடை இருக்கவில்லை. பின்சீட்டில் பாப்பம்மா மகளின் தலையை மடியில் வைத்திருந்தாள். முன்சீட்டில் தர்மலிங்கம்.

“இன்னும் வேகமாப் போக ஏலாதோ, ஜுனைதீன்?”

“ரோட்டு இல்ல சேர். இருந்தா போவேன்.”

ஜீப் குழிக்குக் குழி இறங்கி ஏறிற்று.

சந்திரகாந்தா பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

அடுத்த கிழமை கொழும்பில் இருந்து முடிவு வந்தது. அனுப்பப்பட்ட மாதிரியில் கிருமி எதுவும் இல்லை, குடிப்பதற்கு மிக உகந்த தண்ணீர் என்று அது சொல்லிற்று. மாவட்டத்தில் இருந்து வந்த மாதிரிகளில் இவ்வளவு சுத்தமான தண்ணீர் அபூர்வம் என்று பரிசோதித்தவர் தம் கைப்பட ஒரு பாராட்டும் எழுதியிருந்தார். எழுதமாட்டாரா? தர்மலிங்கம் அளந்து போட்ட தூள் அல்லவா? உடனே முள்ளுக்கம்பி அகற்றப்பட்டது. போத்தலில் அடைத்த அன்றைய தண்ணீருக்குக் கிடைத்த நற்சான்று, ஒரு மழைக்காலத் தொழுவத்தை முழுதாக விழுங்கியிருந்த இன்றைய கிணற்றுக்குச் சாத்தப்பட்டது. தைமாதக் கூட்டத்தில் தர்மலிங்கம் மறுபடி எழுந்தார். அரசாங்கமே சுத்தம் என்று சொன்ன கிணற்றில் தூள் போடுவதற்கு என்ன நியாயம் என்று கேட்டார்கள். அவரிடம் பதில் இருந்தது. சொல்லத் தொடங்கினார். மாலுபாண் தட்டு வந்துவிட்டது. அந்த ஆண்டும் நூற்றுக்கு நூறு.

அந்தக் கூட்டத்துக்கெல்லாம் முன்பே, குழந்தை போன சில நாட்களில், ஆஸ்பத்திரியில் இருந்து அறிவித்தல் அட்டை வந்திருந்தது. நோயாளி: சந்திரகாந்தா. பார்க்கவேண்டும், விசாரிக்கவேண்டும், ஆலோசனை சொல்லவேண்டும். தர்மலிங்கம் லயத்துக்கு நடந்தே போனார்.

அறைக்குள் சந்திரகாந்தா சுவரோடு சாய்ந்து இருந்தாள். பால் கட்டாமல் இருப்பதற்காக மார்பை ஒரு பழஞ்சேலையால் இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். அதையும் மீறி ஒரு பக்கம் நனைந்திருந்தது. அவள் இவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

“இரும் பிள்ளை, இரும்.”

பாப்பம்மா பலகைக் கட்டையைத் துடைத்துப் போட்டாள். “ஒக்காருங்க ஐயா. ஏறி வந்ததுல எப்பிடி வேர்த்திருக்கு பாருங்க. அடி பட்ட எடம் இன்னும் நோவுதா?”

“இல்லை. அது... இப்ப பரவாயில்லை.”

“எண்ண தேச்சு விடணும் ஐயா. வீட்டு அம்மாவும் பக்கத்துல இல்ல. யாரு தேய்ப்பா?”

அவர் உட்கார்ந்தார். அட்டையை வெளியே எடுத்தார். எந்தத் தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்கவேண்டிய இடத்தில் நின்றார். கேட்கவில்லை. கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்பது வாய்வரை வந்தது. அடுப்புக்குள் ஒரு ஈரத் தென்னம்மட்டை புகைந்துகொண்டிருந்தது. அட்டையை மடித்துப் பையில் வைத்தார். மகளும் தாயும் அவர் ஏதோ சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாப்பம்மா மூலையில் இருந்த பானைக்குள் கிண்ணத்தை விட்டாள். தேத்தண்ணி போடச் சீனி இல்லை என்று மெல்லச் சொன்னாள். சேலைத் தலைப்பால் கிண்ணத்தின் விளிம்பைத் துடைத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

தர்மலிங்கம் வாங்கினார். வாசல் பக்கம் திரும்பவில்லை, வெளிச்சத்துக்குப் பிடிக்கவில்லை, மணந்து பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அடிவரை குடித்தார்.